பாடசாலைக்குள்ளேயே நடனத்துக்கென்று தனிப் பயிற்சி: சரிவருமா?

வன்னிமகள் | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். வன்னியில் ஒரு கலவன் பாடசாலையில் நடனம் படிப்பிக்கிறேன். பதினொரு வருசமாகிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட அதிபர் போன மாதம் என்னைக் கூப்பிட்டார். தரம் 8இல் நன்றாக ஆடக்கூடிய பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தெரிவுசெய்து, பாடசாலைக்குள்ளேயே கூடுதலாகப் பழக்க முடியுமா என்று கேட்டார். மற்றப் பாடங்களை அவர்கள் எல்லாரோடும் சேர்ந்துதான் படிப்பார்கள். கேட்டவுடன் சந்தோசம்தான். வீட்டுக்கு வந்து கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது பாதிச் சந்தோசம் போய்விட்டது.

கிழமைக்கு மூன்று பாடவேளை, ஒன்றுக்கு 40 நிமிடம். வகுப்பறையிலிருந்து மண்டபத்துக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, நடனச் சேலையைச் சுற்றி, தட்டிக்கும்பிட்டு முடிய 10 நிமிடம். திரும்பப் புறப்பட 5 நிமிடம். மிச்சம் 25. அந்த 25 நிமிடத்தில் 34 பிள்ளைகள். முதல் வரிசையில் நிற்கிறவர்களின் அரைமண்டி (முழங்காலை இரண்டு பக்கமும் விரித்து மடித்துப் பாதி இருக்கிற நிலை) தெரியும். நாலாவது வரிசையில் யாருடைய முழங்கால் உள்ளுக்குச் சாய்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அதையாவது சமாளிக்கலாம். போன வருசத்துப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ்த்தினப் போட்டி, வாணி விழா, பரிசளிப்பு, ஆசிரியர் தினம். இது போதாதென்று வெளியிலிருந்து யார் வந்தாலும் ஒரு வரவேற்பு நடனம். இரண்டாம் தவணையில் நான் அடவு, அதாவது நடனத்தின் அடிப்படை அசைவுகள், படிப்பித்த பாடவேளைகளை விரல்விட்டு எண்ணலாம். மற்றதெல்லாம் நிகழ்ச்சி பழக்கியது. ஒருமுறை ஒரு அதிகாரி வருகிறார் என்று மூன்று நாள் பழக்கினோம். பிள்ளைகள் தலைச்சாமான் கட்டி, மை தீட்டி, 11 மணிவரை வாசலில் நின்றார்கள். அவர் வரவேயில்லை. ஒரு பிள்ளை கேட்டாள், "ரீச்சர், அப்ப இதை வேற யாருக்காவது ஆடலாமா?"

இப்போது "விசேட பயிற்சி" என்று பெயர் வைத்தால், அது நிரந்தர வரவேற்புக் குழுவாக மாறிவிடுமோ என்பதுதான் என் பயம். சாதாரண பாடசாலைக்குள் நடனத்தைப் பயிற்சியாகவே கொடுத்த இடங்கள் எங்கேயாவது உண்டா? நேரத்தை எங்கே எடுத்தார்கள்? பார்த்தவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கோ.

கணக்கு_வாத்தி | ஞாயிறு, இரவு 9.50

ரீச்சர், கோபிக்கக் கூடாது. நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளையை "நீ நடனப்பிள்ளை" என்று ஒதுக்கி வைப்பது சரியா? தரம் 11இல் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று ஆறு கட்டாயம். தொகுதிப் பாடம் மூன்றில் ஒன்றுதான் நடனம். அந்த ஒன்றுக்காக மற்ற எட்டும் அடிவாங்கினால், சோதனை முடிவு வருகிற அன்று தகப்பன் வந்து சட்டையைப் பிடிக்கப்போவது உங்களையில்லை, எங்களை.

அப்புறம், உயர்தரத்தில் கலைப்பிரிவு, பிறகு பட்டம், பிறகு? வேலை கேட்டு வீதியில் இருந்த பட்டதாரிகளை எல்லாரும் பார்த்ததுதானே.

மருதனார்மடம்_பழசு | ஞாயிறு, இரவு 10.31

கணக்குச் சேர், "ஒதுக்கி வைப்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒதுக்கல் ஏற்கனவே நடக்கிறது, பாடசாலைக்கு வெளியே.

நான் ராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவள். 1960இல் தொடங்கி, 1975இல் யாழ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இடம். இப்போது தனிப் பீடமாகிவிட்டது. நான் போனது ஒரு கிராமத்துப் பாடசாலையிலிருந்து. உயர்தரப் பெறுபேறு மட்டும் காணாது, ஆடியும் காட்ட வேண்டும். அன்றைக்கு வரிசையில் என்னோடு நின்றவர்களில் பாதிப்பேர் சின்ன வயதிலிருந்தே தனியாரிடம் பழகி, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம், ஐந்தாம் தரம் முடித்தவர்கள். எனக்குச் சபைப் பரீட்சை என்ற ஒன்று இருப்பதே உயர்தரத்தில்தான் தெரியும். எப்படியோ எடுபட்டேன். முதல் மாதமே ஆசிரியை என் அரைமண்டியைப் பார்த்துவிட்டு, வர்ணம் என்ற பெரிய உருப்படி பழகுகிற வகுப்பில் என்னை மட்டும் ஒரு பக்கத்தில் நிறுத்தி, ஆகத் தொடக்கமான தட்டடவு முதலாவதிலிருந்து தொடங்கச் சொன்னா. அழுதுகொண்டே தட்டினேன். இன்றைக்கு நினைத்தால் அவ செய்ததுதான் சரி. ஆனால் அந்தத் திருத்தம் எனக்கு எட்டாம் வகுப்பிலேயே கிடைத்திருக்க வேண்டும்.

காசு உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு ஒரு குரு இருக்கிறா. காசில்லாத பிள்ளைக்கு உங்களுடைய அந்த 25 நிமிடம்தான், வன்னிமகள். அதனால்தான் சொல்கிறேன், செய்யுங்கோ.

வரவேற்பு நடனத் தொல்லைக்கு நான் என் பாடசாலையில் ஒரு வழி வைத்திருக்கிறேன். வரவேற்புக்கென்று புதிதாக ஒன்றும் கட்டுவதில்லை. அந்தத் தவணையில் என்ன படித்தார்களோ, அதைத்தான் ஆடுவார்கள். அலாரிப்பு படித்தால் அலாரிப்பு. கச்சேரியில் முதலில் ஆடுகிற உருப்படிதானே அது, வரவேற்க அதைவிட வேறென்ன வேண்டும்? ஒருமுறை தட்டடவும் நாட்டடவும் கோத்த கோர்வையையே ஆடவிட்டேன். வந்தவர் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. தேநீர்தான் பிந்தியது என்று குறைப்பட்டார்.

கிளாஸ்கோ_வாசன் | திங்கள், அதிகாலை 3.05

இங்கே நேரம் இரவு. வன்னிமகள் அக்கா கேட்டதற்கு நேரடியாக ஒரு உதாரணம் எங்கள் ஊரில் இருக்கிறது. நைட்ஸ்வுட் உயர்நிலைப் பாடசாலை என்று கிளாஸ்கோவில் ஒரு சாதாரண அரச பாடசாலை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் போகிறது. அதற்குள்ளேயே 1983இலிருந்து 'டான்ஸ் ஸ்கூல் ஒஃப் ஸ்கொட்லாந்து' இயங்குகிறது. ஆடிக் காட்டித்தான் சேர வேண்டும். பாலே, நவீன நடனம். பிறகு இசைநாடகப் பிரிவும் சேர்ந்தது. ஸ்கொட்லாந்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம், தூரத்துப் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் உண்டு. படிப்புக்குக் காசில்லை.

என் மகள் அங்கே படிக்கவில்லை, அவளோடு பாலே பழகிய பிள்ளை போனாள். என்னை ஆச்சரியப்படுத்திய விசயம், நடனம் அங்கே பாடசாலை நாளுக்குள்ளேயே வருகிறது. பள்ளி விட்டபிறகு ஒட்டுப்போடுகிற வேலையில்லை. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மற்றப் பிள்ளைகளோடு இருப்பார்கள். அந்தப் பிள்ளை கொண்டை போட்டபடியே விஞ்ஞான வகுப்பில் இருப்பாளாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

இங்கிலாந்தில் இதே தரத்துக்குப் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தனியார் விடுதிப் பாடசாலைதான். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அரசு உதவிப்பணம் கொடுக்கிறது என்பது உண்மை, ஆனால் பிள்ளை வீட்டைவிட்டு, ஊர்ப் பள்ளியைவிட்டுப் போக வேண்டும். நைட்ஸ்வுட் மாதிரி ஒரு சாதாரணப் பள்ளிக்குள்ளேயே இருப்பது அபூர்வம்.

கணக்கு_வாத்தி | திங்கள், காலை 6.20

தம்பி, அங்கே அரசு காசு போடுகிறது, தங்குமிடம் கொடுக்கிறது. இங்கே ஒரு பாட்டுப்பெட்டி பழுதானால் திருத்தக் காசில்லை. ஒப்பிட்டுப் பிரயோசனம் என்ன?

கிளாஸ்கோ_வாசன் | திங்கள், காலை 6.41

காசை ஒப்பிடவில்லை சேர். நேரசூசியை ஒப்பிடுகிறேன். அதற்குக் காசு தேவையில்லை.

ஈசூன்_அம்மா | திங்கள், காலை 8.15

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வன்னிமகள் டீச்சரின் பயம் சரியான பயம். எங்கள் அனுபவத்தைக் கேளுங்கள்.

இங்கே நேரடிப் பள்ளிச் சேர்க்கை என்று ஒரு திட்டம் உண்டு. தொடக்கநிலை ஆறாம் வகுப்பில், தேர்வு முடிவுக்கு முன்பே, விளையாட்டு, கலை போன்ற திறமையைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறலாம். என் மகள் இந்திய நடனத்துக்காக அப்படித்தான் சேர்ந்தாள். வாரத்தில் இரண்டு நாள் இணைப்பாட நடவடிக்கை. நல்ல பயிற்றுவிப்பாளர், கண்ணாடி வைத்த நடன அறை, குளிர்சாதனம், எல்லாம் இருந்தது.

ஆனால் சிங்கப்பூர் இளையர் விழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அதில் நடனக் குழுக்கள் நடுவர்கள் முன் ஆடிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த ஆண்டு முழுக்க ஒரே ஒரு நடனம். சில நிமிடம் ஆடுகிற ஒன்றை எட்டு மாதம் பழகினார்கள். வரிசை மாறுவது, கை ஒரே உயரத்தில் நிற்பது, யார் எங்கே பார்ப்பது என்று எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. உயர்ந்த சான்றிதழே கிடைத்தது. அப்புறம் டிசம்பர் விடுமுறையில் ஊரில் ஒரு குருவிடம் அழைத்துப் போனேன். அவர் நாட்டடவை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், செய்யச் சொன்னார். இவள் தடுமாறினாள். அந்த ஒரு நடனத்தில் வருகிற அசைவுகள் கண்ணாடி மாதிரி வருகின்றன, அதற்கு வெளியே எதுவும் வரவில்லை.

பள்ளி தந்ததைக் குறை சொல்லவில்லை. கூச்சம் போனது, நட்பு கிடைத்தது. பிறகு தொடக்கக் கல்லூரிக்குப் போகும்போது இணைப்பாடத்துக்கு இரண்டு போனஸ் புள்ளி வரைக்கும் உண்டு. ஆனால் பயிற்சி வேறு, நிகழ்ச்சி வேறு. எவ்வளவு வசதி இருந்தாலும் இது மாறாது.

எலும்பும்_தசையும் | திங்கள், பகல் 1.30

கோவையில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிற நடனப் பிள்ளைகளில் 11 முதல் 15 வயதுக்காரர்கள்தான் அதிகம். யாரும் தரையைப் பற்றிப் பேசவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

டீச்சர், உங்கள் மண்டபத்தில் என்ன தரை?

வன்னிமகள் | திங்கள், பகல் 2.05

சீமெந்துத் தரை. நடுவில் ஒரு வெடிப்பு, மேடைப்பக்கம் கொஞ்சம் சரிவு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். எங்கட கூடம் உண்மையிலேயே கோணல்.

எலும்பும்_தசையும் | திங்கள், இரவு 8.44

பழமொழி எழுதியவர் உங்கள் மண்டபத்தைப் பார்க்கவில்லை.

சரி, ஒரு சின்னக் கணக்கு. முதல் தட்டடவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் காலத்தில் எட்டுத் தட்டு, இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. மொத்தம் 56. நான்கு முறை செய்தால் 224. இதே கணக்கில் பத்து அடவு செய்தால் 2,240 தட்டு. வெறுங்காலோடு, சிமெண்டில், வளர்கிற எலும்பில். இதைக் கிழமைக்கு ஒருநாள் செய்த பிள்ளையைத் திடீரென்று ஐந்து நாள் செய்ய வைத்தால் உடம்பு கணக்குக் கேட்கும். 'விசேடப் பயிற்சி' தொடங்குகிற இடங்களில் நான் பார்க்கிற முதல் தப்பு இதுதான். முதல் மாதமே முழு வேகம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

இரண்டாவது, அரைமண்டி. கால் விரிவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திறக்காத பிள்ளை, டீச்சர் திட்டுவாரே என்று பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி வைக்கும். அப்போது முழங்கால் முன்னாடியும் பாதம் வெளியேயும் பார்க்கும், நடுவில் முறுக்கு விழும். உட்கார்ந்தபின் முழங்கால் சிரட்டை பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேரே இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். இல்லையென்றால் பாதத்தைக் குறைத்துத் திருப்பச் சொல்லுங்கள். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. 34 பேரில் இதைப் பார்க்க முடியாது, 12 பேரில் முடியும். சின்னக் குழு வேண்டும் என்று நான் சொல்ல இது ஒன்றே போதும்.

மூன்றாவது, வலி. முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்பக்கம் ஒரு மேடு வீங்கி, தொட்டால் வலித்தால் அது ஓஸ்குட் ஷ்லாட்டர். சடசடவென உயரம் வளர்கிற வயதில் வருவது. பயப்பட வேண்டாம், குதிப்பதையும் முழுமண்டியையும் (முழுக்கக் குந்துவதையும்) குறைத்தால் அடங்கும். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு நீளத்துக்கும் பரவலாக வலித்தால் ஓய்வும் மெதுவான பயிற்சியும். ஆனால் ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு "இங்கேதான்" என்று பிள்ளை காட்டினால், அன்றே ஆட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் அனுப்புங்கள். எலும்பில் நுண்முறிவாக இருக்கலாம். "சலங்கை கட்டினா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்கிறவர்களை மண்டபத்துக்குள் விடாதீர்கள்.

சாப்பாட்டையும் கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளை எத்தனை பேர்? மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிற பிள்ளைக்கு எலும்பு முறிவு வாய்ப்பு அதிகம். இதையெல்லாம் அம்மாவிடம் கேட்கத் தயங்குவார்கள், டீச்சரிடம் சொல்வார்கள்.

மட்டுநகர்_கூத்தன் | திங்கள், இரவு 10.10

தரை என்றதும் எனக்குக் கூத்தாடுகிற வட்ட மண்மேடை, வட்டக்களரி, ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் மண் களரியில் ஆடிப் பழகின ஆக்கள். மண் காலைத் தாங்கும். சீமெந்து உதைக்கும்.

எனக்கு இன்னொரு கேள்வி. உங்கட பன்னிரண்டு பேரில் ஆம்பிளைப் பிள்ளை எத்தனை, ரீச்சர்? கலவன் பாடசாலை என்கிறீர்கள். நான் அடித்துச் சொல்கிறேன், பூச்சியம். தரம் 6இல் அழகியற் பாடம் தெரிவுசெய்யும்போதே பொடியன்களுக்குச் சித்திரம், சங்கீதம் என்று எழுதிவிடுவார்கள். நடனம் என்று ஒருத்தன் சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஆனால் அவனுடைய அப்பப்பாவே காலில் சதங்கை கட்டி வடமோடிக் கூத்தில் விடியவிடிய ஆடியவராக இருக்கும்!

கூத்தில் பயிற்சிக்கு ஒரு முறை இருந்தது, பாருங்கோ. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பாட்டைப் பிரித்துக் கொடுப்பார். மாதக்கணக்கில் ஆட்டம் பழக்குவார். கால் நின்றபிறகு சதங்கை கட்டு. பிறகு கிழமைக்கூத்து, கிழமைக்கு ஒருநாள் ஒத்திகை. அடுக்குப் பார்த்தல், முழுக்கூத்துக்கும் ஒத்திகை. கடைசியில்தான் அரங்கேற்றம். ஊர்ச் சனம் இடையிடையே வந்து பார்க்கும், குறை சொல்லும், ஆனால் "நாளைக்கு மந்திரி வாறார், ஒரு பத்து நிமிசம் ஆடிக்காட்டு" என்று கேட்காது. 60களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் மாணவர்களைக் கூத்தாட வைத்தபோதுகூட அண்ணாவிமாரைக் கூப்பிட்டுத்தான் பழக்கினார். பாடசாலையில் நடனம் என்றால் பரதம் மட்டும்தான் என்று ஆனது எப்போது?

அடவுக்கிறுக்கி | திங்கள், இரவு 10.32

ஆரம்பிச்சாச்சு. கூத்து வேறு, சாஸ்திரிய நடனம் வேறு அண்ணா. பரதத்தில் அசம்யுத ஹஸ்தம், அதாவது ஒற்றைக்கை முத்திரை, மட்டுமே 28. அதைப் படிக்கவே நேரமில்லை, இதில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகைக் கூத்துமா?

மட்டுநகர்_கூத்தன் | திங்கள், இரவு 10.40

28 கையும் தெரியும் தங்கச்சி. கால் எங்கே?

நெறியாளர் | திங்கள், இரவு 11.00

இதற்குப் பிறகு வந்த பதினான்கு பதிவுகளை "பரதமா கூத்தா" இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே அடித்துக்கொள்ளுங்கள்.

வன்னிமகள் | செவ்வாய், காலை 5.30

கூத்தன் அண்ணை சொன்னது சரி. பூச்சியம். ஒரு பொடியன் இருக்கிறான், தரம் 8 சி. வகுப்பு நடக்கும்போது யன்னலுக்கு வெளியே நின்று தாளம் போடுவான். ஏழு எண்ணிக்கையில் வருகிற மிஸ்ர சாப்பு தாளத்தைப் பிசகாமல் போடுவான்! கேட்டுப் பார்க்கிறேன்.

தஞ்சைத்_தாத்தா | செவ்வாய், காலை 9.00

ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். தமிழ்நாட்டு நிலவரம் சொல்கிறேன், பொறாமைப்பட்டுத்தான் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஒரு கிராமத்துப் பிள்ளை அரசுப் பாடசாலையில் நடனத்தைப் பாடமாக எடுத்துப் பொதுப் பரீட்சை எழுதலாம். இங்கே நம் மாநிலப் பாடத்திட்டத்துப் பள்ளியில் நடன டீச்சர் என்று ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம். சிபிஎஸ்இயில் பதினொன்று, பன்னிரண்டில் பரதநாட்டியம் ஒரு பாடமாக உண்டு, எழுத்துக்கு 30, செய்முறைக்கு 70. எடுத்து நடத்துகிற பள்ளி எத்தனை என்று கேட்காதீர்கள். பரதக் கச்சேரி முறையை வகுத்த பொன்னையா சகோதரர்கள் நால்வர் வாழ்ந்த தஞ்சாவூரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதம் மூன்று வருடப் படிப்பு. நல்ல படிப்புதான். ஆனால் பகலில் நடப்பது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு எப்படி ஒத்துவரும்? ஜவகர் சிறுவர் மன்றம் ஒன்றுதான் பள்ளி நேரத்துக்கு வெளியே. 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள், நானே நடுவராகப் போயிருக்கிறேன். யூடியூபைப் பார்த்துப் பழகி வந்த பெண் ஒருத்தி மேடையில் அப்படி ஆடினாள். கீழே இறங்கியதும் "யாரும்மா சொல்லிக்கொடுத்தா?" என்றேன். போனைக் காட்டினாள்.

கேரளக் கலாமண்டலத்தில் வேறு மாதிரி. 1930இல் வள்ளத்தோள் தொடங்கியது. எட்டாம் வகுப்பிலிருந்தே கலையும் பள்ளிப்படிப்பும் சேர்ந்து நடக்கும். ஆனால் அது கலைக்கூடத்துக்குள் பள்ளிக்கூடம். டீச்சர் கேட்பது பள்ளிக்கூடத்துக்குள் கலைக்கூடம். இரண்டாவதுதான் கஷ்டம், மணியடிக்கிறவன் கையில் அதிகாரம் இருக்கும்.

சலங்கை_13 | செவ்வாய், மாலை 4.47

நான் தரம் 10. எங்கட பள்ளிக்கூடத்திலும் போன வருசம் இப்பிடி ஒரு வகுப்பு தொடங்கினவை. காலமை 6.15க்கு வரச்சொன்னவை. எங்கட ஊரிலிருந்து முதல் பஸ்ஸே 6.50க்குத்தான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையளும் அப்பா மோட்டார்சைக்கிளில் ஏத்திக்கொண்டு வாற பிள்ளையளும்தான் போனவை. நான் இரண்டு கிழமை பக்கத்து வீட்டு அண்ணாவோட சைக்கிளில் போனேன். பிறகு அவருக்கு வேலை மாறிவிட்டது. நின்றுவிட்டேன். ரீச்சர் "உனக்கு ஆர்வம் காணாது" என்றா.

அதைத்தான் சொல்ல வந்தேன். நேரம் வைக்க முதல் பஸ்ஸைப் பாருங்கோ.

கணக்கு_வாத்தி | செவ்வாய், இரவு 9.15

இந்தப் பிள்ளையின் பதிவை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. என் சந்தேகம் போகவில்லை, ஆனால் எங்கள் பாடசாலையில் நேரசூசி போடுகிறவன் நான்தான். ஆகவே நேரசூசியைப் பற்றி மட்டும் கதைக்கிறேன்.

வன்னிமகள் ரீச்சர், தரம் 8இல் ஏ, பி, சி மூன்று வகுப்பும் அழகியலுக்கு ஒரே நேரத்தில்தானே பிரிகின்றன? சித்திரக்காரர் ஒரு அறைக்கு, சங்கீதம் ஒரு அறைக்கு, நடனம் மண்டபத்துக்கு. அந்த மூன்று பாடவேளையும் மூன்று நாளில் தனித்தனியாகக் கிடக்கிறது. அதில் இரண்டை ஒட்டிப்போடச் சொல்லுங்கள். சப்பாத்துக் கழற்றிச் சேலை கட்டுகிற அந்த 15 நிமிடம் ஒருமுறைதான் போகும். இப்போது 25உம் 25உம் 50. ஒட்டினால் 80இல் 15 போக 65. ஒரு சதம் செலவில்லாமல் 15 நிமிடம் கிடைக்கிறது. சித்திர ஆசிரியரும் உங்களைக் கும்பிடுவார், அவருடைய பிள்ளைகளுக்கு நிறம் காயவே 40 நிமிடம் காணாது.

இது 34 பேருக்கும் கிடைக்கும், தெரிந்தெடுத்த பன்னிரண்டு பேருக்கு மட்டுமல்ல. விசேட குழுவுக்குப் பாடசாலை விட்டபிறகு இரண்டு நாள் வையுங்கள், பின்னேர பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் கைவைக்க வேண்டாம். வைத்தால் நானே உங்களுக்கு எதிராக எழுதுவேன்.

மருதனார்மடம்_பழசு | செவ்வாய், இரவு 9.22

சேர், நீங்கள் இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம்.

கணக்கு_வாத்தி | செவ்வாய், இரவு 9.24

முதல் பதிவில் கோபம் இருந்தது.

பெயர்_வேண்டாம் | புதன், காலை 10.50

நான் ஒரு அம்மா. ஒரு பாடசாலையில் இப்படிக் குழு தெரிவுசெய்தபோது என் மகளை எடுக்கவில்லை. காரணம் கேட்டேன். "உயரம் காணாது, குழுவில் வரிசை குழம்பும்" என்றார்கள். பிறகுதான் விளங்கியது, உடுப்பு வாடகை கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். என் மகள் இப்போதும் கிணற்றடியில் தட்டிக்கொண்டு திரிகிறாள். நீங்கள் எதை வைத்துத் தெரிவு செய்யப்போகிறீர்கள் ரீச்சர்?

வன்னிமகள் | புதன், இரவு 8.30

அம்மா, உங்களுடைய கேள்வியைப் பகல் முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன். அதிபர் கேட்ட அன்றே மனதுக்குள் பன்னிரண்டு பெயர் எழுதிவிட்டேன். உங்கள் பதிவை வாசித்தபிறகு அந்தப் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். ஒன்பது பேர் முதல் வரிசைப் பிள்ளைகள். முகம் லட்சணம், மேடையில் சிரிப்பார்கள். நாலாவது வரிசையை நான் பார்த்ததேயில்லை என்று இந்த இழையின் முதல் பதிவில் நானே எழுதியிருக்கிறேன்.

ஆகவே பட்டியலைக் கிழித்துவிட்டேன். சில கிழமை எல்லாரையும் வரிசை மாற்றி நிறுத்திப் பார்க்கப்போகிறேன். தாளம் நிற்கிறதா, திருத்தம் சொன்னால் அடுத்தநாளும் அது நிற்கிறதா, இந்த இரண்டு மட்டும்தான். உயரமும் நிறமும் பார்ப்பதில்லை. உடுப்பு வாடகை எடுக்கிற நிகழ்ச்சிக்கு இந்தக் குழு போவதுமில்லை.

மருதனார்மடம்_பழசு | புதன், இரவு 8.41

கடைசி வசனத்தை அதிபரிடம் எழுத்தில் வாங்குங்கோ. வாய்ப்பேச்சு வாணி விழாவரைக்கும்தான் நிற்கும்.

வன்னிமகள் | ஏழு கிழமைக்குப் பிறகு, சனி, பகல் 11.20

என்ன நடந்தது என்று கேட்டுத் தனிமடலில் நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள்.

இரட்டைப் பாடவேளை வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை. சங்கீத ரீச்சர் முதலில் முறுகினா, இப்போது அவதான் கூடச் சந்தோசம். பாடசாலை விட்டபிறகு புதன், வெள்ளி. பின்னேர பஸ் 3.30க்கு என்பதால் 3.15க்கு முடிக்கிறோம். சாப்பிட்டவுடன் ஆட முடியாது என்பதால் முதல் அரைமணி தரையில் இருந்து தாளமும், வாயால் சொல்லுகிற தாளச் சொற்களான சொற்கட்டும். அது நினைத்ததைவிட நல்லதாய்ப் போய்விட்டது, மூன்றாம் காலம் வாயில் நின்றபிறகு காலில் நிற்கிறது.

தரைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு தகப்பன் தச்சு வேலை செய்கிறவர். சட்டம் அடித்து மேலே பலகை போட்டால் கொஞ்சம் துள்ளும் என்கிறார், பலகைக்குக் காசு பார்க்க வேண்டும். அதுவரைக்கும் மேடைப்பக்கத்தை விட்டு, வெடிப்புக்கு இந்தப் பக்கம் நின்று, தட்டைக் குறைத்துப் பழக்குகிறேன். "முழங்கால், இரண்டாவது விரல்" என்று ஒரு பிள்ளை ஜதி மாதிரிப் பாடிக்கொண்டு திரிகிறாள்.

குழுவில் பதினான்கு பேர். என் பழைய பட்டியலில் இருந்தவர்கள் ஐந்து பேர்தான். யன்னல் பொடியன் வருகிறான். ஆட மாட்டேன், தாளம் தட்டுகிற தட்டுக்கழி மட்டும் பிடிக்கிறேன் என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தான். மூன்றாம் கிழமை நான் திரும்பி நின்று கரும்பலகையில் எழுதும்போது, பின்னால் ஒரு கால் கூடுதலாகக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

போன வியாழன் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஆக்கள் வந்தார்கள். அதிபர் என்னைப் பார்த்தார். நான் அவர் எழுத்தில் தந்த அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். கடைசியில் பாண்ட் வாத்தியம் வரவேற்றது.

கணக்கு_வாத்தி | சனி, பகல் 11.58

தவணைப் புள்ளிகள் வந்ததும் அந்தப் பதினான்கு பேருடைய கணிதப் புள்ளியையும் இங்கே போடுங்கள் ரீச்சர்.

வன்னிமகள் | சனி, பகல் 12.03

போடுகிறேன் சேர். குறைந்திருந்தாலும் போடுகிறேன்.